மூன்றில் இரண்டை ஏன் விட வேண்டும்?

முப்பது வயதுக்கு மேல் திரும்பப் படிக்க வருகிறவர்கள் படிப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஓவியம், உடற்பயிற்சி இரண்டையும் இரண்டு வருஷத்துக்கு மூட்டை கட்டி வைத்துவிடச் சொல்கிறது உங்கள் கட்டுரை, எனக்கு அது சரியாகப் படவில்லை சார்.

நான் சேலம் அஸ்தம்பட்டி, 36 வயது, வேலைக்குப் போய்க்கொண்டே தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. தமிழ் படிக்கிறேன். முதல் பருவத்தில் நீங்கள் சொன்னபடிதான் செய்தேன். நடையை நிறுத்தினேன், வரைவதை நிறுத்தினேன், ராத்திரி பதினொரு மணி வரை புத்தகத்தோடு உட்கார்ந்தும் ஒரு பக்கம் மனதில் நிற்கவில்லை, இடுப்பு வலிதான் மிச்சம். அப்புறம் குறுந்தொகைப் பாட்டுகளை என் குரலிலேயே போனில் பதிந்துகொண்டு விடியற்காலையில் கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரையில் கேட்டபடி நடக்க ஆரம்பித்தேன். 4 முதல் 8 அடிக்குள் முடிகிற பாட்டுகள், நாலு முறை கேட்டால் தானாக வாயில் வருகிறது. வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், ஐந்து நாள் அரை மணி நேரம் நடந்தாலே கணக்குச் சரி.

வரைவது மட்டும் ஞாயிற்றுக்கிழமை. ஏற்காடு பஸ்ஸில் ஏறி 20 கொண்டை ஊசி வளைவும் தாண்டி மேலே போய், ஏரிக்கரையில் ஒரே ஒரு படம், ஒரு மணி நேரம், அவ்வளவுதான். மலை நிலத்தைப் பாடும் குறிஞ்சித் திணையைப் பாடமாகப் படித்துவிட்டு சேர்வராயன் மலையின் பனியைப் பார்த்து வரையும்போது அது எனக்குப் படிப்பாகவும் இருக்கிறது.

தேர்வு மாதத்தில் படம் வரைவதை விட்டுவிடுவேன், நடையை விடுவதில்லை. கைக்குழந்தை இருக்கும் தோழிகளுக்கு இந்த நேரக்கணக்கு பொருந்தாது, அவர்களுக்காக ஒரு கட்டுரை எழுதுங்கள், கண்டிப்பாகப் படிப்பேன்.