“எங்ககிட்ட எடுக்குதே சார்!”

இன்னிக்கு சாயங்காலம் கார் சர்வீஸ் சென்டர்ல இருந்து மறுபடியும் போன். “சார், வண்டியை ஃபுல்லா செக் பண்ணிட்டோம். காலையில இருந்து சாவியைப் போட்டுப் போட்டுப் பார்த்தாச்சு, எல்லாத் தடவையும் எடுக்குது. பிரச்சனை எதுவும் இல்ல, வந்து டெலிவரி எடுத்துக்கோங்க.” ஜாப் கார்டுல எழுதியிருக்கிறது: ‘ஸ்டார்ட்டிங் ட்ரபிள் – செக்டு, ஓகே.’

எதுய்யா ஓகே? உங்க ஷெட்டு நிழல்ல ராத்திரி பூரா ஆறிக் கிடந்த வண்டி காலையில எடுத்துட்டா அது ஓகேவா? சாயங்காலமா வர்ற காய்ச்சலுக்குக் காலையில தெர்மாமீட்டர் வெச்சுப் பார்த்துட்டு ‘உடம்புக்கு ஒண்ணுமில்ல’ன்னு வீட்டுக்கு அனுப்புற வேலை இது. ஆறின வண்டி எடுக்கும்னு நானே சொன்னேனே! நல்லா ஓடி, சூடாகி, அணைச்சுட்டுக் கொஞ்ச நேரம் கழிச்சுப் போட்டாத்தான் எடுக்காதுன்னு வாயால சொன்னேன், பேப்பர்ல எழுதிக் கொடுத்தேன், வீடியோ காட்டினேன். சர்வீஸ் அட்வைசர் அதைப் பார்க்கக்கூட இல்ல. “வாட்ஸ்அப்ல போட்டு விடுங்க சார்”னாரு. போட்டேன். இன்னிவரைக்கும் நீல டிக் வரல.

துவரங்குறிச்சி தாண்டி அந்தப் பெட்ரோல் பங்க்ல நடந்ததை முழுசா காது கொடுத்துக் கேட்டிருந்தாலே பாதி வேலை முடிஞ்சிருக்கும். யாரும் கேட்கல. அதனால இங்கே சொல்றேன்.

கத்திரி வெயில். திருச்சியில இருந்து மதுரைக்கு, வழியெல்லாம் ஏசி போட்டு வந்த வண்டி. பின்சீட்ல மாமியார், மடியில தாம்பாளம், பக்கத்துல சின்னவன். பெட்ரோல் போட்டாச்சு, காசு கொடுத்தாச்சு, சாவியைத் திருப்பினேன். ‘டக்’. ஒரே ஒரு டக். இன்ஜின் ஒரு சுத்துகூடச் சுத்தல. டேஷ்போர்டு லைட் எல்லாம் பளிச்சுன்னு எரியுது, ஹாரன் ஊரைக் கூட்டுது, பவர் விண்டோ ஏறி இறங்குது. மறுபடி திருப்பினேன். டக். கிளட்ச்சை நல்லா அமுக்கி மிதிச்சுத் திருப்பினேன். டக். பின்னாடி நின்னவன் ஹாரன்ல வெச்ச கையை எடுக்கல. பெட்ரோல் போட்ட பையன் “சார், ஓரமா எடுங்க சார், ஓரமா எடுங்க சார்”னு கண்ணாடியைத் தட்டுறான். எடுக்க முடிஞ்சா எடுக்க மாட்டேனா தம்பி?

வண்டியைத் தள்ளி ஓரங்கட்டினோம். பொலிரோ வெச்சிருந்த ஒரு பெரியவர் வந்தார். “பேட்டரி டவுன் தம்பி”ன்னு சொல்லி, ரெண்டு வண்டி பேட்டரியையும் இணைக்கிற ஜம்ப் கேபிளைத் தன் வண்டியில இருந்தே எடுத்துட்டு வந்து மாட்டினார். அவர் இன்ஜினை ஓடவிட்டு நான் சாவியைத் திருப்பினேன். அதே டக். அப்புறம் ஒரு லாரி டிரைவர் அண்ணன் எட்டிப் பார்த்து, “உள்ள ரூம் லைட்டைப் போட்டுக்கிட்டுச் சாவியைத் திருப்புங்க”ன்னார். திருப்பினேன். லைட் துளிகூட மங்கல. “பேட்டரி இல்ல சார் இது, கரண்டு மோட்டாருக்கே போகல”ன்னு சொல்லிட்டு, அவரும் இன்னும் சில பேரும் சேர்ந்து வண்டியைத் தள்ளினாங்க. செகண்ட் கியர், கிளட்ச்சைச் சட்டுன்னு விட்டதும் இன்ஜின் பிடிச்சுக்கிச்சு. அப்புறம் மதுரை போற வரைக்கும் வண்டியை அணைக்கவே இல்ல. மாமியார் தண்ணி குடிக்கணும்னாங்க, கடைவாசல்ல இன்ஜினை ஓடவிட்டபடியே வாங்கிக் கொடுத்தேன்.

இந்தக் கதைக்குள்ள எவ்வளவு தடயம் இருக்குன்னு பாருங்க. ஜம்ப் கொடுத்தும் எடுக்கல, அப்போ பேட்டரி மேல சந்தேகம் பெரும்பாலும் போச்சு. பேட்டரி செத்திருந்தா சாவியைத் திருப்பும்போது லைட் அப்படியே மங்கிப் போகும், இல்ல ‘டகடகடக’ன்னு தொடர்ந்து அடிக்கும். இங்கே ரெண்டும் இல்ல. தள்ளினதும் எடுத்துச்சு, அப்போ பெட்ரோல் வருது, ஸ்பார்க் வருது, திருட்டைத் தடுக்கிற இம்மொபிலைசர் பூட்டும் தடுக்கல. மிச்சம் என்ன? சாவியில இருந்து, இன்ஜினை முதல்ல சுத்திவிடுற செல்ஃப் மோட்டார் வரைக்கும் உள்ள வழி. சாவி சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், சின்ன கரண்டால பெரிய கரண்டைத் திறந்துவிடுற ரிலே, மோட்டாருக்குக் கரண்டை இணைக்கிற சொலினாய்டு, மோட்டாரோட கார்பன் பிரஷ், தடிமனான கேபிள், கரண்டு பேட்டரிக்குத் திரும்புற எர்த். இவ்வளவுதான். லாரி அண்ணன் சில நிமிஷத்துல சுருக்கிக் கொடுத்த பட்டியல் இது.

இதை அப்படியே அட்வைசர்கிட்ட ஒப்பிச்சேன். அவங்க என்ன செஞ்சாங்க? பேட்டரியை மாத்தினாங்க! ஜம்ப் கொடுத்தே எடுக்காத வண்டிக்குப் புது பேட்டரி! நல்லா இருந்த பேட்டரியைக் கழட்டிக்கிட்டுப் பில்லை நீட்டினாங்க. பிரச்சனை திரும்ப வந்ததும் இன்ஜினுக்குக் காத்து விடுற த்ராட்டில் பாடி கிளீனிங், பெட்ரோல் பீய்ச்சுற இன்ஜெக்டர் கிளீனிங், பெட்ரோல் டேங்க்ல ஊத்த ஒரு பாட்டில். இன்ஜின் சுத்தவே மாட்டேங்குதுன்னு வந்தவன்கிட்ட இன்ஜெக்டரைக் கழுவிக் காசு வாங்குறது எந்த ஊர் நியாயம்? சுத்தாத இன்ஜினுக்கு இன்ஜெக்டர் எப்படி இருந்தா என்ன?

கேட்டா ஸ்கேனரைக் காட்டுறாங்க. “எரர் கோடு எதுவும் இல்ல சார்.” வராதுய்யா! பல வண்டிகள்ல அந்தத் தடிமனான கேபிளையும் மோட்டார் கார்பனையும் கம்ப்யூட்டர் கண்காணிக்கிறதே இல்ல. அது பார்க்காத இடத்துல இருக்கிற கோளாறுக்குக் கோடு எங்கே இருந்து வரும்? கோடு இல்லைங்கிறதைக் கோளாறு இல்லைன்னு படிக்கிற ஆளை என் வண்டிப் பக்கம் ஏன் விடுறீங்க?

செய்ய வேண்டியது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. வெயில்ல வண்டியைக் கொஞ்ச தூரம் நல்லா ஓட்டுங்க. அணைங்க. பானட்டை மூடி வெச்சு சூட்டை உள்ளேயே நிக்க விடுங்க. அப்புறம் சாவியைத் திருப்புங்க. எடுக்கலைன்னா, அந்த நிமிஷத்துல மல்டிமீட்டரை வைங்க. சும்மா நிக்கிற நல்ல பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்டும். செல்ஃப் சுத்தும்போது 9.6-க்குக் கீழே போகக்கூடாது. அதைப் பார்த்தாச்சா? இப்போ சாவியைத் திருப்பிப் பிடிச்சபடியே சொலினாய்டுக்கு வர்ற மெல்லிய வயர்ல வோல்ட் வருதான்னு பாருங்க. வரலைன்னா கோளாறு சாவி, ரிலே, கிளட்ச் சுவிட்ச் பக்கம். வந்தும் மோட்டார் சுத்தலைன்னா மோட்டார், சொலினாய்டு, இல்ல கேபிளும் எர்த்தும். வழி ரெண்டாப் பிரிஞ்சுடுச்சு. அட, மீட்டர்கூட வேணாம். அந்த ‘டக்’ சத்தம் ரிலேயில இருந்து வருதா, மோட்டார் மேல உட்கார்ந்திருக்கிற சொலினாய்டுல இருந்து வருதான்னு ரிலே மேல ஒரு விரலை வெச்சாலே தெரிஞ்சிடும். ஒரு விரல்! அதைக்கூட வைக்கல.

“டெர்மினல் எல்லாம் டைட்டா இருக்கு சார்”னு ஒரு பதில். டைட்டா இருந்தாப் போதுமா? செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்குதுன்னு வெச்சுக்கோங்க. எர்த் கேபிள் இன்ஜினோட சேர்ற இடத்துல துரு பிடிச்சு, 0.01 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் அங்கேயே காணாமப் போகும். கண்ணுக்கு எல்லாம் சுத்தமாத்தான் தெரியும். மீட்டரை வெச்சாத்தான் பிடிபடும். கையால ஆட்டிப் பார்க்கிறதுக்குப் பேரு செக்கிங் இல்ல.

சூட்டுக்கு என்ன சம்பந்தம்னு அந்த அட்வைசர் என்னையே கேட்டாரு. அதுதாங்க முழுச் சம்பந்தமும்! செம்புக் கம்பி சூடாக ஆக அதோட தடை ஏறும், டிகிரிக்குக் கிட்டத்தட்ட 0.39 சதவீதம். 30 டிகிரியில இருந்த சொலினாய்டு காயில், சைலன்சர் குழாய் சூட்டுல வெந்து 100 டிகிரிக்குப் போச்சுன்னா தடை கால் பங்குக்கு மேல கூடிடும். காயிலோட இழுப்பு குறையும். ஏற்கெனவே தேஞ்ச கான்டாக்ட்னா அப்போதான் கைவிடும். ஆறினதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி எடுக்கும். ஐடிஐல படிச்சவனுக்கு இதெல்லாம் தெரியும். அப்படிப் படிச்ச பிள்ளைங்க உள்ளே வேலை செய்றாங்க. ஆனா அவங்களை வண்டிக்காரன்கிட்ட பேச விடுறதில்ல. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நிறுத்தி வெச்சிருக்காங்க. நடுவுல நிக்கிறவர் நான் சொன்ன அத்தனையையும் ‘ஸ்டார்ட்டிங் ட்ரபிள்’னு ரெண்டு வார்த்தையாச் சுருக்கி உள்ளே அனுப்புறாரு. கோபம் எனக்கு அந்த மெக்கானிக் பிள்ளை மேல இல்ல. அந்த ரெண்டு வார்த்தை மேலதான்.

கடைசியா நானே ஒரு வழி சொன்னேன். சொலினாய்டு வயர்ல இருந்து ஃபியூஸ் வெச்சு ஒரு வயரை உள்ளே இழுத்து, டேஷ்போர்டு பக்கத்துல சின்ன பல்பு ஒண்ணைத் தொங்கவிடுங்க. அடுத்த தடவை எடுக்காதப்போ பல்பு எரியுதா இல்லையான்னு நானே பார்த்துச் சொல்றேன். எரிஞ்சா மோட்டார் பக்கம், எரியலைன்னா சுவிட்ச் பக்கம். செலவு ஒரு டீ, வடைக் காசு. அதுக்கு வந்த பதில்: “வயரிங்ல கை வெச்சா வாரண்டி போயிடும் சார்.” தேவையில்லாத பேட்டரியை என் தலையில கட்டினப்போ எங்கய்யா போச்சு உங்க வாரண்டி?

சார்லஸ் கெட்டரிங்னு ஒரு அமெரிக்க இன்ஜினியர் செஞ்ச எலெக்ட்ரிக் செல்ஃப் 1912 மாடல் காடிலாக் கார்லயே வந்தாச்சு. நூறு வருஷத்துக்கு மேல ஆகியும் அடிப்படை அதேதான்: பேட்டரி, சுவிட்ச், மோட்டார். இதுல கோளாறு கண்டுபிடிக்கத் தெரியாதுன்னு ஒத்துக்கிட்டாக்கூட மன்னிச்சிடுவேன். ‘இல்லவே இல்ல’ங்கிறாங்களே, அதைத்தான் தாங்க முடியல. குடும்பத்தோட நடு ரோட்டுல நிக்கிறது நானு. ராத்திரி நேரம், ஆள் இல்லாத இடம், தள்ளுறதுக்கு ஒருத்தரும் இல்லைன்னா?

வண்டி இன்னும் என் கைக்கு வரல, அதுக்குள்ள இன்னொரு நம்பர்ல இருந்து ஒரு பொண்ணு: “சார், கம்பெனியில இருந்து கால் வரும், பத்துக்குப் பத்து கொடுத்துடுங்க சார்.” பாவம், அந்தப் பொண்ணைத் திட்டி என்ன ஆகப்போகுது. போனை வெச்சுட்டேன்.

இன்னொண்ணும் கேட்கணும். அந்த பங்க்ல தள்ளித் தள்ளி ஓரங்கட்டின இடம், காத்து பிடிக்கிற மெஷினுக்குப் பக்கத்துல. அதுல ‘பழுது’ன்னு அட்டை, வெயில்ல எழுத்தே வெளுத்துப் போன அட்டை. பெட்ரோல் பங்க்னா காத்து, குடிதண்ணி, கழிப்பறை மூணும் காசு வாங்காமக் கொடுக்கணும். குடத்துல தண்ணி இல்ல, கழிப்பறைக்குப் பூட்டு, சாவி மேனேஜர்கிட்ட, மேனேஜர் சாப்பிடப் போயிட்டார். மாமியாருக்கு எழுபது வயசு தாண்டியாச்சு. அந்த வெயில்ல அவங்களை எங்கய்யா கூட்டிட்டுப் போறது?