விழாவுக்கு வரும் மரக்கலம் தண்ணீரில் நிற்கட்டும்

நாகை, தரங்கம்பாடி, பூம்புகார்ப் பக்கம் கரையோர விழா நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய பாய்மரப் படகைத் தேடிப்பிடித்து மணலில் ஏற்றி, பெயின்ட் அடித்து, சீரியல் பல்பு சுற்றி நிறுத்தாதீர்கள். கோடை வெயிலில் சில வாரம் நின்றாலே பலகை சுருங்கிவிடும், இணைப்புகள் வாய் பிளக்கும். மறுபடி கடலில் இறக்கினால் நாலாபக்கமும் நீர் கசியும். உடனே ‘உளுத்துப்போச்சு’ என்று விறகுக்கு உடைக்கிறார்கள். பெரும்பாலும் அது உளுத்த மரமல்ல, காய்ந்த மரம்.

இதற்கு வைத்தியம் கலப்பத்து, அதாவது பலகை இணைப்புகளில் பஞ்சு அடைத்து நீர் கசியாமல் செய்யும் வேலை. இணைப்பில் உள்ள பழைய பஞ்சைக் கொக்கியால் முழுக்க எடுக்க வேண்டும். பழசின் மேலேயே புதுசைத் திணித்தால் நிற்காது. பிறகு பஞ்சைத் திரியாக முறுக்கி, மழுங்கிய உளியும் மரச்சுத்தியும் வைத்து இறக்க வேண்டும். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். காய்ந்த படகில் இறுக்கி அடித்துவிட்டால், நீரில் பலகை ஊதும்போது பஞ்சுக்கு ஒதுங்க இடமிருக்காது. பலகை, உள்ளே விலா எலும்பு போலத் தாங்கும் வங்கை விட்டு விலகி ஆணி பிடுங்கிக்கொள்ளும். மேலே பூச, பொடித்த குங்கிலியத்தை மீன் எண்ணெயில் சிறுதீயில் காய்ச்சுவார்கள். எண்ணெய் கூடினால் வெயிலில் வழியும், குங்கிலியம் கூடினால் இறுகி வெடிக்கும்.

இறக்குவதற்கு முன் உள்ளே ஈரச்சாக்கு பரப்பிக் கடல்நீர் தெளித்து வாருங்கள். இறக்கியபின் இரண்டு மூன்று நாள் ஆழமில்லாத இடத்தில் கட்டி, பம்பு வைத்துக் காவலுக்கு ஆள் போடுங்கள். நல்ல தண்ணீரில் கழுவ வேண்டாம். மழைநீர் தேங்கும் மூலையில்தான் மரம் முதலில் மக்கும். உப்புநீர் அவ்வளவு கெடுக்காது. அதற்காக மாதக்கணக்கில் முகத்துவாரத்திலேயே போட்டுவைப்பதும் ஆபத்து, கப்பல் புழு அடிப்பலகையைச் சல்லடையாக்கிவிடும்.

கட்டுமரத்துக்கு இதெல்லாம் நேர்மாறு. அதைக் கட்டவிழ்த்து மரம் மரமாகக் காயப்போட வேண்டும். ஊறிய கட்டை கனத்து, பாதி மூழ்கியே மிதக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகு பரவி, இந்தப் பழக்கம் தெரிந்த கைகள் குறைந்துவிட்டன.

பாய் ஏற்றுவதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். சரக்கேற்றப் பிறந்த தோணி, காலியாக முழுப்பாய் விரித்தால் சாயும். அடியில் மணல்மூட்டை அடுக்கி, நகராமல் கட்டுங்கள். கோடியக்கரை, முத்துப்பேட்டைப் பக்கத்து வத்தை என்ற பாய்மரப் படகு தட்டை அடி கொண்டது. படகுக்குக் குறுக்கே வெளியே நீளும் பலகையில் காற்றடிக்கும் பக்கம் ஆள் ஏறி உட்கார்ந்தால்தான் நிமிர்ந்து ஓடும். பிளெக்ஸ் துணி பாயாகாது. காற்றில் புடைத்து வயிறு விழாது, ஓரத்தில் கயிறு தைக்காததால் மூலையிலேயே கிழியும். பாயின் கீழ்மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிறான தாமானை ஒருபோதும் முடிச்சுப் போட்டுக் கட்டாதீர்கள். திடீர்க் காற்றில் கையிலிருக்கும் கயிற்றைத்தான் நொடியில் விட முடியும்.

ஐப்பசி, கார்த்திகை வேண்டவே வேண்டாம். மாசி, பங்குனி நல்லது. நாகையில் கடல் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால், கடுவையாற்று முகத்துவார மணல்திட்டைத் தாண்ட ஓதத்தை நம்ப முடியாது. ஆழத்தை முந்தின நாளே கழி ஊன்றிப் பாருங்கள்.

நாகூர்க் கந்தூரிக் கொடி ஊர்வலத்தில் கப்பல் வடிவ ரதம் தெருவில் வருகிற மண் இது. இங்கே நிஜக் கலம் பொம்மையாக நிற்பது தாங்கவில்லை. விழாக் கணக்கில் பந்தலுக்கு முன்னால் பஞ்சு, குங்கிலியம், ஆசாரி கூலி ஆகியவற்றை எழுதுங்கள். கலப்பத்து அடிக்கிற நாட்களையும் விழா நாளாக அறிவித்துப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள். ஆளுக்கொரு திரி முறுக்கட்டும்.