பெயிண்டருக்குப் பொன்னாடை

பழைய ஆயில் இன்ஜின் ஒன்றுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து, கான்கிரீட்டில் நிறுத்தி, காட்சிப்பொருளாகத் திறந்துவைத்த விழாப் படத்துக்கு ஹார்ட் போட்டவர்கள் கொஞ்சம் பொறுங்கள். பெயிண்ட் அடிப்பது வேறு, பாதுகாப்பது வேறு.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இருபுறமும் பிளைவீல் என்னும் கனத்த சுழல்சக்கரம் வைத்த, லிஸ்டர் கம்பெனி வகை டீசல் இன்ஜின். 6 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 650 சுற்று. கிணற்றில் கமலை இழுத்த மாடுகளுக்கு ஓய்வு கொடுத்த இன்ஜின். இங்கிலாந்தில் டர்ஸ்லியில் செய்ததா, அதே அச்சில் குஜராத்தின் ராஜ்கோட்டில் வார்த்ததா என்பதற்கு, பெயர் பொறித்த பித்தளைத் தகடுதான் முதல் சாட்சி. அதன் மேலேயே மஞ்சள் எனாமல்! சைலன்சர் வாய் வானம் பார்த்துத் திறந்து கிடக்கிறது. புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு திறந்த நிலையில் நின்றிருந்தால் மழைத்தண்ணீர் நேரே சிலிண்டருக்குள் இறங்கும், பிஸ்டன் ரிங் துருவேறி சிலிண்டரின் உள்சுவரோடு (லைனர்) பிடித்துக்கொள்ளும். அடிப்பாகம் கான்கிரீட்டுக்குள், ஈரம் தங்கி அங்கிருந்தே துரு ஏறும்.

"காயலான் கடைக்குப் போகாமல் காப்பாற்றினார்களே" என்பீர்கள். சரி, நன்றி. அங்கே ஒரே நாளில் போயிருக்கும். இங்கே தவணையில் போகும்.

"நிதி இல்லை." ஃபிளெக்ஸுக்கு இருந்ததே? சிலிண்டரைச் சுற்றிக் குளிர்விக்கும் ஜாக்கெட் தண்ணீரையும் பழைய டீசலையும் வடித்துவிடுங்கள். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றி அந்தத் துளை வழியாக மண்ணெண்ணெயும் இன்ஜின் ஆயிலும் பாதிக்குப் பாதி ஒரு டம்ளர் ஊற்றி, நாலைந்து நாள் ஊறவிடுங்கள். பிறகு பிளைவீலைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசைக்க வேண்டும். சம்மட்டி எடுத்தால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்தால் பேரிங் காலி. பழைய பெயிண்ட் மிச்சமிருந்தால் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து அப்படியே விடுங்கள், அதுதான் அசல். கீழே கான்கிரீட்டுக்குப் பதில் சி-சேனல் இரும்புச் சட்டம், மேலே தகரக் கொட்டகை, மாதம் ஒருமுறை ஆயில் விட்டு இரண்டு சுற்று. மற்ற நேரம் பிளைவீலுக்குச் சங்கிலி. சின்னப் பிள்ளைகள் உள்ளே கையை நுழைக்கும். இதற்கா நிதி இல்லை?

"பார்க்க வருகிற ஜனங்களுக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு" என்று ஒருவர் கேட்பார். அவருக்கு செல்ஃபி போதும், எடுத்துக்கொள்ளட்டும்.

வால்வைத் தூக்கிப் பிடித்து, ஹேண்டில் சுற்றி, வேகம் வந்ததும் விட்டு ஸ்டார்ட் செய்யத் தெரிந்த பெரியவர்கள் சுற்றுப்பட்டு ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். ஒருவரையாவது கூப்பிட்டுக் கேட்டீர்களா? அந்தப் படத்தில் வேட்டியில் ஆயில் கறை படிந்த ஒரு ஆளைக் காணோம். பொன்னாடை பெயிண்டருக்குப் போயிருக்கிறது. அவர் மேல் குற்றமில்லை, சொன்னதை அடித்தார்.

அந்தப் பித்தளைத் தகட்டையாவது காப்பாற்றுங்கள். பெயிண்ட் ரிமூவர் தடவி, ஊறியதும் மரக்குச்சியால் வழித்தெடுங்கள். பிளேடு வேண்டாம், எழுத்து போய்விடும்.