பாவலரின் உரையை எப்போது படிக்கப் போகிறோம்?

இடலாக்குடி செய்குதம்பிப் பாவலர் யார் என்று நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "ஒரே நேரத்தில் நூறு காரியம் செய்தவர்." பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் அவருடைய நீதிவெண்பாவைப் படித்த பிள்ளைகளும் அதைத்தான் சொல்கிறார்கள். மேடையில் பேசுகிறவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். முதுகில் எறிந்ததை எண்ணினார், மணியோசையை எண்ணினார், சதுரங்கம் ஆடினார், இடையிலேயே கேட்ட ஈற்றடிக்கு வெண்பாவும் பாடினார் என்று அடுக்குவார்கள். கைதட்டுவோம். அப்புறம் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

எனக்கு இதில் நெடுநாள் ஆதங்கம் உண்டு. இன்று எழுதியே விடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னை விக்டோரியா அரங்கில் அவர் சதாவதானம் செய்து காட்டியது 1907 மார்ச் 10. அது ஒரு நாள். 1874 ஜூலையில் பிறந்து 1950 பிப்ரவரியில் மறைந்தவர் அவர். அத்தனை வருட வாழ்க்கையில் அந்த ஒரு நாளை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிட்டோம். விட்டதில் பெரியது, நபிகள் நாயகத்தின் வரலாற்றை உமறுப் புலவர் காப்பியமாகப் பாடிய சீறாப்புராணத்துக்கு அவர் எழுதிய உரை. என்னைக் கேட்டால், அவர் முதலில் ஓர் அறிஞர். இஸ்லாத்தையும் தமிழையும் ஒருசேரக் கற்று, ஒன்றைக் கொண்டு மற்றொன்றை விளக்கத் தெரிந்தவர். நினைவாற்றல் அதற்கு உதவிய கருவி. கருவியைக் கொண்டாடிவிட்டு வேலையை மறந்தது நம் குற்றம்.

அவர் வளர்ந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். இடலாக்குடி அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் மலையாளம். ஓதியது அரபி. தமிழ் வீட்டிலும் தெருவிலும் பேசுகிற மொழி. இலக்கணமும் இலக்கியமும் வேண்டுமென்றால் தனியாக ஆசான் தேடித்தான் போக வேண்டும். அவர் போனது சங்கரநாராயண அண்ணாவியிடம். ஒரு முஸ்லிம் பையனுக்கு யாப்பும் அணியும் சொல்லிக் கொடுத்தவர் அந்த அண்ணாவி. பதினைந்து வயதிலேயே செய்யுள் பாடும் அளவுக்குப் பையன் தேறிவிட்டான். இதை அன்று யாரும் அதிசயமாகப் பார்த்ததாகத் தெரியவில்லை. இன்று இப்படி ஒன்று நடந்தால் நாம் அதைப் புகைப்படம் எடுத்து நல்லிணக்கம் என்று தலைப்புப் போடுவோம். அன்று அது வெறும் பாடம்.

பிறகு சென்னை. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை. தமிழ் ஏடுகள் அச்சேறிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு எழுத்து தவறினாலும் பாட்டின் பொருளே மாறிவிடும் என்பதால், மெய்ப்புப் பார்க்கிறவரே புலவராக இருக்க வேண்டியிருந்தது. அங்கே இருந்தபோதுதான் அருட்பா மருட்பா சண்டை மறுபடி மூண்டது. வள்ளலார் பாடியது அருட்பா அல்ல என்று நா. கதிரைவேற் பிள்ளை தரப்பு வாதாடியபோது, அருட்பாதான் என்று எதிர்த்து நின்று பேசியவர்களில் இந்த இடலாக்குடி முஸ்லிமும் ஒருவர். சைவர்களுக்குள் நடந்த வழக்கில் ஒரு முஸ்லிம் புலவர் எழுந்து பேச, சபை உட்கார்ந்து கேட்டிருக்கிறது. அவருக்கு அந்த நூல் தெரியும் என்பது ஒன்றே அதற்குத் தகுதியாக இருந்தது.

அவதானத்தில் "துருக்கனுக்கு இராமன் துணை" என்று, துருக்கன் என்றால் முஸ்லிம், ஈற்றடி கொடுத்து மடக்கப் பார்த்த கதையை ஊரில் எல்லோரும் சொல்வார்கள். பரதன், இலக்குவன் பெயர்களை முன்னே வைத்துச் "சத்துருக்கனுக்கு இராமன் துணை" என்று அவர் முடித்தாராம். நல்ல கதை. சின்ன வயதில் எங்கள் வாப்பா சொல்லிக் கேட்டபோது எனக்குப் பிடித்ததும் இதுதான். ஆனால் வாப்பாவுக்குப் பிடித்தது வேறு.

எங்கள் வீட்டில் சீறாப்புராண உரையின் பழைய பிரதி ஒன்று இருந்தது. அட்டை போய், தைத்த நூல் மட்டும் தாளைப் பிடித்துக்கொண்டிருக்கும். நபியவர்கள் பிறந்த ரபியுல் அவ்வல் மாதம் வந்தால் இஷா தொழுதுவிட்டு வந்து வாப்பா அதை எடுப்பார். முதலில் பாட்டை இழுத்து வாசிப்பார். அடுத்து உரையை வாசிப்பார். பிறகு புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுத் தன் பேச்சில் சொல்வார். மானுக்குப் பிணை நின்ற படலத்தின் ஓரத்தில் பென்சிலால் நிறைய கோடு போட்டிருப்பார். வேடன் கையில் சிக்கிய மான் நபியவர்களிடம் முறையிடும்; குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று கெஞ்சும். காட்டுக்குள் விட்ட மான் திரும்பி வருமா என்று வேடன் சிரிப்பான். நபியவர்கள் பிணை நிற்பார்கள். மான் தன் கூட்டத்தைச் சேர்ந்ததும், போகாதே என்று எல்லாம் தடுக்கும். பிணை நின்றவரை ஏமாற்ற மாட்டேன் என்று அது கிளம்பும்போது குட்டியும் பின்னாலேயே வந்துவிடும். இந்த இடத்தில் வாப்பா கொஞ்ச நேரம் பேசமாட்டார். உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். உம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உமறுப் புலவரின் செய்யுள் அவருக்கு நேராகப் புரிந்திருக்க வழியே இல்லை. இடையில் உரை இருந்ததால் புரிந்தது.

சீறாப்புராணம் லேசான நூல் இல்லை. 5027 பாட்டு, 92 படலம். விலாதத்து (பிறப்பு), நுபுவ்வத்து (நபித்துவம்), ஹிஜ்ரத்து (மதீனாவுக்கு இடம்பெயர்ந்தது) என்று மூன்று காண்டம். நபியவர்களின் கடைசிக் காலம் வரை உமறு பாடி முடிக்கவில்லை. மீதியைச் சின்னச் சீறா என்று பனீ அகமது மரைக்காயர் பாடினார். இதற்கு உரை எழுத உட்காருகிறவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கம்பனும் சிந்தாமணியும் தெரிந்திருந்தால்தான் உமறு எந்த வழியில் நடக்கிறார் என்று பிடிபடும். நபி வரலாறும் நபிமொழியான ஹதீஸும் தெரிந்திருந்தால்தான் எந்தப் பாட்டு எந்தச் சம்பவம் என்று சொல்ல முடியும். அரபிப் பெயர்கள் தமிழ் ஓசைக்குள் உருமாறிக் கிடக்கும். பதம் பிரிக்கும்போது ஓர் இடம் தவறினால் ஸஹாபி, அதாவது நபித்தோழர், ஒருவரின் பெயர் பாதியில் அறுபட்டு வேறு ஏதோ சொல்லாகிவிடும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். விலாதத்துக் காண்டத்தில் நாட்டுப்படலம் என்று ஒன்று வருகிறது. அரபு நாட்டை உமறு வர்ணிக்கிறார். மழை பெய்து, ஆறு பெருகி, வயலில் நெல் விளைகிறது. திருக்குர்ஆனில் இப்ராஹீம் நபியின் துஆவில் (பிரார்த்தனையில்) மக்கா விளைச்சல் இல்லாத பள்ளத்தாக்கு என்று வருகிறது. அப்படியானால் உமறு பொய் சொன்னாரா? இல்லை. பெருங்காப்பியம் என்றால் நாடு, நகர், மலை, கடல் எல்லாம் வர்ணிக்க வேண்டும் என்பது தமிழ் விதி; தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல் படித்தவர்களுக்கு இது தெரியும். நாட்டின் வளம் என்றால் தமிழ்ப் புலவனுக்கு மருதம்தான். சுசீந்திரத்துக்கும் தேரூருக்கும் நடுவே பஸ்ஸில் போகும்போது இரண்டு பக்கமும் தெரிகிற வயலை மக்காவில் கொண்டுபோய் வைத்தது போல இருக்கும் அந்தப் படலம். குர்ஆன் மட்டும் தெரிந்தவர் இதைப் பார்த்தால் பிழை என்பார். தண்டியலங்காரம் மட்டும் தெரிந்தவருக்கு இதில் கேள்வியே எழாது. இரண்டும் தெரிந்தவருக்குத்தான் உமறு என்ன செய்கிறார் என்று புரியும். பாவலர் அந்த இரண்டும் தெரிந்தவர்.

இன்று நம் மாவட்டத்தில் அப்படி ஒருவரைக் காட்டுங்கள் பார்ப்போம். மனம் நோக வேண்டாம், உள்ளதைச் சொல்கிறேன். வேலூர் பாக்கியாத்துக்கும் மற்ற அரபிக் கல்லூரிகளுக்கும் போய் ஓதி, ஸனது (பட்டம்) வாங்கி வருகிற நம் பிள்ளைகள் புகாரி ஹதீஸ் தொகுப்பிலும் ஃபிக்ஹ் என்ற மார்க்கச் சட்டத்திலும் கெட்டிக்காரர்கள். ஒரு வெண்பாவைப் பிரித்து வாசிக்கச் சொன்னால் திணறுகிறார்கள். தமிழ் எம்.ஏ. முடித்தவர்கள் சீறாவைத் தேர்வுக்கு இரண்டு பக்கக் குறிப்பாகப் படிக்கிறார்கள். நுபுவ்வத்து என்றால் என்ன என்று கேட்டால் நபித்துவம் என்று சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. இரண்டு பக்கமும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்கிறார்கள். நடுவில் இருந்த பாலம் போய்விட்டது. சீறா பிறந்ததே அந்தப் பாலத்தின் மேல்தான். சதக்கத்துல்லாஹ் அப்பா போன்ற பெரிய ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) நபி வரலாற்றைக் கேட்டு அறிந்துதான் உமறு பாடினார் என்பது வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. ஆலிம் சொன்னார், புலவர் பாடினார். இருநூறு வருடம் கழித்து இடலாக்குடியில் அந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தன.

சீறாவே வேண்டாம் என்கிறவர்கள் இருக்கிறார்கள், தெரியும். அதில் ஆதாரமில்லாத கதைகள் இருக்கின்றன, மான் கதைக்கே யாரிடமிருந்து யார் கேட்டுச் சொன்னார் என்ற சரியான அறிவிப்பாளர் தொடர் கிடையாது என்று என்னிடமே வாதாடிய தம்பிகள் உண்டு. அந்தக் கேள்வி நியாயமானது. ஹதீஸ் கலை அறிஞர்கள் முன்பே எழுப்பிய கேள்விதான். ஆனால் காப்பியத்தை யாரும் மார்க்கத் தீர்ப்புக்கு ஆதாரமாகக் காட்டவில்லையே. முந்நூறு வருடத்துக்கு முன்னால் தமிழ் முஸ்லிம் தன் நபியை எப்படி நேசித்தான், எந்த மொழியில் நேசித்தான் என்பதற்கு அது ஆதாரம். எது வரலாறு, எது காப்பிய அலங்காரம், எது மக்கள் நம்பிக்கை என்று பிரித்துச் சொல்வது அறிஞரின் வேலை. வேண்டாம் என்று மூடி வைத்தால் அந்த வேலையைச் செய்ய ஆள் எப்படி வருவார்? தக்கலையில் சூஃபிப் புலவர் பீர் முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சியை வருடந்தோறும் ராத்திரி முழுக்கப் பாடுகிறார்கள். பாடுகிறவர்களின் நாவில் அது நிற்கிறது. பொருள் சொல்கிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். நாளைக்கு ஓசை மட்டும்தான் மிஞ்சும் என்ற பயம் எனக்கு உண்டு.

இலங்கைக்காரர் ம.மு. உவைஸ் இந்த வேலையைத் தன் வாழ்க்கையாகவே எடுத்துக்கொண்டார். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்குப் பேராசிரியராக வந்தார். பீ.மு. அஜ்மல்கானோடு சேர்ந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். அவர் பெயரும் இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தத் தொகுதிகளைத் திறந்தால் நம் ஊர்ப் புலவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். வெளியூர்க்காரர்கள் தேடி எழுதினார்கள். நமக்கு வாசிக்கக்கூட நேரமில்லை.

பாவலரை அரசாங்கம் மறக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். இடலாக்குடியில் மணிமண்டபம் இருக்கிறது. அவர் பெயரில் பள்ளி இருக்கிறது. 2008ல் தபால் தலை வந்தது. பாடப்புத்தகத்திலும் இருக்கிறார். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். அவரைப் படிக்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது. திருநாகூர்த் திரிபந்தாதி, கோட்டாற்றுப் பிள்ளைத்தமிழ், நபிகள் நாயக மான்மிய மஞ்சரி என்று அவர் எழுதியவற்றின் பெயரை நினைவு நாளில் மேடையில் பட்டியலாக வாசிக்கிறோம். அதில் ஒன்றையாவது முழுதாக வாசித்தவர்கள் அந்த மேடையில் இருக்கிறார்களா என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். 1956ல் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது அவர் இல்லை. மறைந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. தமிழ் தன் பள்ளிக்கூடப் பாடமாக இல்லாத காலத்தில் தேடிப்போய்ப் படித்தார் அவர். எல்லாப் பள்ளியிலும் தமிழ் இருக்கிற காலத்தில் நாம் அவரைப் படிக்காமல் இருக்கிறோம்.

செய்ய முடியாத காரியம் எதையும் நான் சொல்லவில்லை. மாவட்டத்துக் கல்லூரித் தமிழ்த்துறைகளில் சீறாவின் ஒரு படலத்தையாவது உரையோடு முழுதாகப் பாடம் வைக்கலாம். அந்த வகுப்புக்கு ஒரு மௌலவியையும் கூப்பிட்டு உட்கார வைக்கலாம். அதே போல மதரஸாக்களில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் தமிழ்ச் செய்யுள் வாசிக்கச் சொல்லிக் கொடுக்கலாம். சொல்லிக் கொடுக்க ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் எத்தனையோ பேர் கோட்டாற்றிலும் வடசேரியிலும் வீட்டில் சும்மா இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் நவீன அண்ணாவியாக வந்தால் போதும். பாவலர் நினைவு நாளில் பேச்சைக் குறைத்துக்கொண்டு, அவர் உரையிலிருந்து பத்துப் பாட்டை வாசித்து விளக்கலாம்.

இதெல்லாம் நடக்கும்போது நடக்கட்டும். என்னால் முடிந்ததை நான் தொடங்குகிறேன். வருகிற ரபியுல் அவ்வலில் எங்கள் வீட்டு மாடியில் இஷாவுக்குப் பிறகு சீறா வாசிப்பு. மானுக்குப் பிணை நின்ற படலத்தில் தொடங்குகிறோம். பாட்டை வாசிக்க ஒரு தமிழாசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஹதீஸ் பக்கம் விளக்கம் சொல்ல ஓர் இளம் மௌலவி வருவதாகச் சொல்லியிருக்கிறார். மான் கதையின் ஆதாரத்தைப் பற்றி அவருக்கு மறுப்பு உண்டு, அதையும் சபையில் சொல்லட்டும் என்றுதான் கூப்பிட்டேன். எந்த மதத்தவரும் வரலாம். பெண்களுக்குத் தனியாக இடம் இருக்கிறது. பாவலர் உரை வீட்டில் இருப்பவர்கள், கிழிந்ததானாலும் சரி, கையோடு எடுத்து வாருங்கள். வருகிறவர்கள் முன்கூட்டியே ஒரு வரி எழுதிவிடுங்கள். பாய் விரிக்கவும் சாயா போடவும் கணக்கு வேண்டும்.