கூழாங்கல்லுக்குச் சலுகை மார்க் வேண்டாம்

பி.எஸ்.வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ பற்றி யார் பேசினாலும் ‘முதல் படம், கம்மி பட்ஜெட், அதுல இவ்வளவு பண்ணிருக்காங்களே’ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அந்தப் பாராட்டே பிடிக்கவில்லை. பாவம் ஏழைப் பையன் என்று பாஸ் போட்டுவிடும் வாத்தியார் மாதிரி இருக்கிறது.

கதை கையளவுதான். குடிகார அப்பன் கணபதி, தாய்வீடு போய்விட்ட மனைவியைக் கூட்டிவர, மகன் வேலுவைப் பள்ளிக்கூடத்திலிருந்து பாதியிலேயே இழுத்துக்கொண்டு போகிறான். திரும்பும்போது பஸ் காசைப் பையன் கிழித்துப் போட்டுவிடுகிறான், அப்புறம் அந்த வெயிலில் இருவருக்கும் நடைதான். கைக்குழந்தையோடு 13 கிலோமீட்டர் நடந்து பிறந்த வீட்டுக்கு வந்த தன் சகோதரியின் அனுபவத்திலிருந்து பிறந்த கதை இது என்று இயக்குநரே சொல்லியிருக்கிறார். மேலூர் பக்கம் அரிட்டாபட்டியைச் சுற்றித்தான் படப்பிடிப்பு. 75 நிமிடத்துக்குள் படம் முடிந்துவிடுகிறது, ஆனால் அந்த வெயில் நம் மேல் அடித்துக்கொண்டே இருக்கிறது.

அந்த நடையைப் பாருங்கள். கணபதியாக வரும் கருத்தடையான் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு முன்னால் விறுவிறுவென்று போகிறார், அந்த முதுகிலேயே அவ்வளவு ஆத்திரமும் தெரிகிறது. பின்னால் வருகிற பையன் உடைந்த கண்ணாடித் துண்டை எடுத்து வெயிலைத் திருப்பி அப்பன் முதுகில் அடிக்கிறான். அடிபட்டு வளர்கிற பிள்ளை எதிர்த்துப் பேச முடியாமல் செய்யக்கூடிய ஒரே காரியம் அது. வசனமே இல்லை. இதை எழுத எவ்வளவு கோடி வேண்டும்? இன்னொரு இடத்தில் ஒரு குடும்பம் வயலில் புகை போட்டு எலி பிடித்துச் சுட்டுத் தின்கிறது. அவர்களைப் பார்த்து நாம் உச்சுக் கொட்ட வேண்டும் என்று கேமரா கேட்பதே இல்லை, அவர்கள் வேலையைப் பார்க்க விட்டுவிடுகிறது. விக்னேஷ் குமுளை, ஜெய பார்த்திபன் இருவரின் ஒளிப்பதிவு அது. யுவன் இசையமைத்த படத்தில் இவ்வளவு மௌனம் இருப்பதும் பெரிய விஷயம்.

2021 பிப்ரவரியில் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் அதன் உயரிய பரிசான டைகர் விருது வாங்கியது, தமிழ்ப் படத்துக்கு அது முதல் முறை. அதே ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் போனது. நயன்தாரா, விக்னேஷ் சிவன் தயாரிப்பு. இவ்வளவும் இருந்தும் நமக்குப் பார்க்கக் கிடைத்தது 2023 அக்டோபரில், அதுவும் சோனி லிவ் ஓடிடியில். அந்தப் பொட்டல் காட்டை ஐந்து அங்குலத் திரையில் பார்ப்பது கொடுமை. அடுத்த படமான ‘கொட்டுக்காளி’க்குத் தியேட்டர் கிடைத்தது, சூரி இருந்தார், தயாரிப்பாளர் சிவகார்த்திகேயன், சரி, சந்தோஷம்தான். ஆனால் கூழாங்கல்லுக்கு இன்னமும் அந்தக் கடன் பாக்கி இருக்கிறது. பழைய ஹிட் படங்களை வாரா வாரம் ரீரிலீஸ் செய்கிறார்களே, மதுரையிலும் மேலூரிலும் இதற்கு ஒரு வாரம் மத்தியானக் காட்சி மட்டுமாவது கொடுங்கள். டிக்கெட் வாங்கி வர ஆள் இருக்கிறோம்.