மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் உட்கார்ந்திருப்பது யார்?

என் அம்மா ஊர் நொய்யல் கரையில், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. சின்ன வயதில் லீவுக்குப் போனால் முதல் நாளே பாட்டி சொல்லிவிடுவார்: "கெணத்துத் தண்ணியில வாய் கொப்புளிக்காத கண்ணு." அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. மோட்டார் பைப்பின் வாயில் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும், நகத்தால் சுரண்டினால் பொருக்குப் பொருக்காக உதிரும். எருமை தொட்டியில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். தென்னை நின்றது, ஆனால் குரும்பையிலேயே கொட்டிவிடும். பாசனத்துக்கென்று 1990களின் தொடக்கத்தில் வந்த அணை அது. தேங்கியது திருப்பூர் சாயத் தண்ணீர். அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கெஞ்சியதை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எங்கள் பக்கம் எல்லோரும் அதிகாரிகளைத்தான் திட்டுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். சட்டத்தை எடுத்து ஒருமுறை முழுசாகப் படித்த பிறகு என் கேள்வி மாறிவிட்டது. அதிகாரிக்கு மேலே ஒரு வாரியம் இருக்கிறதே, அதில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? அவர்களை அங்கே உட்கார வைத்தது யார்? நம் ஊர் எம்.எல்.ஏ. பெயர் தெரியும், கவுன்சிலர் பெயர் தெரியும். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் உறுப்பினர் ஒருவர் பெயரையாவது சொல்லச் சொன்னால் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வாரியத்தில் யார் யார் என்று சொல்வது, நீர் மாசைத் தடுக்க வந்த 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம், பிரிவு 4. ஒரு தலைவர். மாநில அரசின் சார்பில் அதிகாரிகள் ஐந்து பேர் வரை. உள்ளாட்சி அமைப்புகளின் உறுப்பினர்களிலிருந்து ஐந்து பேர் வரை. அரசுக்குச் சொந்தமான நிறுவனங்களின் சார்பில் இரண்டு பேர். முழுநேர உறுப்பினர் செயலர் ஒருவர். அரசு சாராதவர்கள் மூன்று பேர் வரை. கூட்டினால் அதிகபட்சம் 17. செயலரையும் சேர்த்து அத்தனை பேரையும் தேர்ந்தெடுப்பது மாநில அரசு. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்கிறது சட்டம். காற்று மாசுக்கும் இதே வாரியம்தான்.

அந்த மூன்று பேரைப் பற்றித்தான் நான் பேச வேண்டும். அவர்கள் யாருக்காக என்று சட்டம் ஒரே வரியில் சொல்கிறது: விவசாயம், மீன்பிடிப்பு அல்லது தொழில் அல்லது வணிகம் அல்லது அரசு தகுந்ததென்று நினைக்கும் வேறு எந்தத் தரப்பும். அந்த 'அல்லது'வைக் கவனியுங்கள். விவசாயிக்கு ஒன்று, மீனவருக்கு ஒன்று, தொழிலுக்கு ஒன்று என்று எழுதியிருந்தால் கதையே வேறு. 'அல்லது' போட்டதால், மூன்று இடத்தையும் தொழில், வணிகத்துக்கே கொடுத்தாலும் சட்டம் மீறப்படவில்லை. சாயத் தண்ணீரை வெளியே விடுகிறவரும் அதைக் கிணற்றில் வாங்கிக்கொள்கிறவரும் ஒரே நாற்காலிக்குப் போட்டி போட வேண்டும். யாருக்கு அரசு அலுவலகத்தின் கதவு லேசாகத் திறக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

யார் உறுப்பினராகக் கூடாது என்பதற்கும் ஒரு பட்டியல் உண்டு, பிரிவு 6. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரங்களைச் செய்து விற்கும் அல்லது வாடகைக்கு விடும் கம்பெனியில் பங்கு இருப்பவர் உட்காரக் கூடாது. நியாயம். இதே சட்டத்தின் கீழ் தண்டனை பெற்றவரும் கூடாது. அதுவும் நியாயம். ஆனால் வாரியத்திடம் இசைவாணை, அதாவது கழிவுநீரை வெளியே விடுவதற்கான அனுமதி, வாங்கி ஆலை நடத்துகிறவர் உட்காரலாமா கூடாதா என்பதைப் பற்றி அந்தப் பட்டியலில் ஒரு வார்த்தை கிடையாது. மருந்து விற்பவருக்குத் தடை இருக்கிறது, நோயைக் கொண்டுவரக் கூடியவருக்கு இல்லை. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

தொழில்காரர்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் சொந்தத்தில் பாதிப் பேர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரின் சாயப்பட்டறைகள் மொத்தமாக மூடப்பட்டபோது எங்கள் வீட்டிலும் சம்பளம் நின்றது. சுத்திகரிப்புக்கு என்ன செலவாகும், எது நடைமுறைக்கு ஒத்துவரும் என்று சொல்ல அவர்கள் அங்கே இருக்கத்தான் வேண்டும். அவர்கள் பேசும்போது எதிரே உட்கார்ந்து, "அந்தக் கணக்கில் என் கிணற்றைச் சேர்த்தீர்களா?" என்று கேட்க ஆள் வேண்டும் என்கிறேன்.

மற்ற நாற்காலிகளின் நிலைமையும் சொல்கிறேன். உள்ளாட்சி உறுப்பினர்கள் ஐந்து பேர் என்பது நல்ல யோசனை. ஆனால் தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. பெரும்பாலான மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில், நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியில். இடைப்பட்ட ஆண்டுகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரே இல்லாதபோது அந்த ஐந்து இடத்துக்கு எங்கிருந்து ஆள் எடுப்பது? காலி இடம் இருக்கிறது என்பதற்காக மட்டும் வாரியத்தின் முடிவு செல்லாமல் போகாது என்றும் சட்டமே சொல்லிவிட்டது, பிரிவு 11. அதனால் நாற்காலி காலியாகக் கிடந்தாலும் வேலை நடந்துகொண்டே இருக்கும்.

அரசு நிறுவனங்களுக்கு இரண்டு இடம். தொழிற்பேட்டைகளை அமைக்கும் சிப்காட் அரசு நிறுவனம். மின் உற்பத்தியும் அரசு நிறுவனத்திடம் இருக்கிறது. எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்ததைப் பற்றி மீனவர்கள் எத்தனை வருடமாகக் கத்துகிறார்கள்! அந்தச் சாம்பல் அரசு நிறுவனத்தின் குழாயிலிருந்து வந்தது. அரசு நிறுவனத்துக்கு இருக்கை உறுதி, மீனவருக்கு 'அல்லது'.

தலைவர் யாராக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் கொஞ்சம் சண்டை நடந்திருக்கிறது. உத்தராகண்டிலிருந்து தொடங்கிய ஒரு வழக்கில், தகுதியில்லாத ஆட்களை வாரியங்களில் நியமிப்பதைச் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016இல் கண்டித்தது. தீர்ப்பாயத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2017 செப்டம்பரில் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஆனால் நியமனத்துக்கான விதிகளை ஆறு மாதத்துக்குள் வகுக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவும் போட்டது. 2024இல் வந்த திருத்தச் சட்டம், மாநில வாரியத் தலைவரை எப்படி நியமிப்பது என்பதை மத்திய அரசே வகுக்கும் என்கிறது. முதலில் இமாசலப் பிரதேசம், ராஜஸ்தான், யூனியன் பிரதேசங்கள். மற்ற மாநிலங்கள் சட்டமன்றத் தீர்மானம் போட்டால் சேரலாம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சென்னையில் இருப்பவருக்கே எங்கள் கிணறு தெரியவில்லை என்னும்போது டெல்லியில் வகுக்கும் விதி என்ன செய்துவிடும்?

ஆட்கள் சரியாக அமையாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நொய்யலும் பாலாறுமே சாட்சி. ஆலையை மூடவும் மின்சாரத்தைத் துண்டிக்கவும் வாரியத்துக்கு 1988 திருத்தத்திலிருந்தே அதிகாரம் இருக்கிறது. ஆனாலும் விவசாயிகள் நீதிமன்றப் படியேறி வருடக்கணக்கில் காத்திருந்த பிறகுதான் 2011இல் அந்த மூடல் நடந்தது. பாலாற்றில் தோல் கழிவு கலந்த வழக்கில், 1996இல் உச்ச நீதிமன்றம், பாதிப்பைக் கணக்கிட்டு இழப்பீடு வாங்கித்தர ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் தனி ஆணையம் அமைக்கச் சொன்னது. வாரியம் 1982இலிருந்து இருக்கிறது. அது இருக்கும்போதே இன்னொன்று தேவைப்பட்டது என்றால் அதற்கு என்ன அர்த்தம்?

சட்டத்தைத் திருத்தும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. அந்த மூன்று இடங்களில் ஒன்றை விவசாயிக்கும் ஒன்றை மீனவருக்கும் கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை, மாநில அரசு நினைத்தால் அடுத்த நியமனத்திலேயே செய்யலாம். உறுப்பினர்களின் பெயரோடு, இவர் இந்தத் தரப்புக்காக இருக்கிறார் என்றும் அறிவிக்கட்டும். கூட்டத்தில் என்ன பேசினார்கள், யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதைத் தமிழில் வெளியிடட்டும். தகுந்த காரணமில்லாமல் தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராதவரின் பதவி போய்விடும் என்று சட்டத்தில் இருக்கிறது. வருகைப் பதிவு நம் கண்ணில் பட்டால்தான் அதை நாம் கேட்க முடியும்.

அப்புறம் பிரிவு 10. ஒரு குறிப்பிட்ட விஷயத்துக்காக வெளியாள் யாரையும் வாரியம் கூப்பிட்டு உட்கார வைக்கலாம். அவருக்கு ஓட்டு கிடையாது, ஆனால் பேசலாம். சட்டம் வந்து ஐம்பது வருடம் தாண்டிவிட்டது. ஊரில் என் மாமா, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வைத்திருக்கிறார். மாசா மாசம் அமாவாசை அன்று கிணற்றில் வாளி விட்டு, தண்ணீரை எடுத்து அளந்து, பழைய பால் கணக்கு நோட்டில் தேதி போட்டு எழுதுகிறார். மழைக்குப் பிறகு எவ்வளவு இறங்கியது, கோடையில் எவ்வளவு ஏறியது, எல்லாம் அதில் இருக்கிறது. நொய்யலைப் பற்றிப் பேசும் அடுத்த கூட்டத்துக்கு அவரைக் கூப்பிடுங்கள். கிண்டியில் இருக்கும் வாரிய அலுவலகத்துக்கு பஸ் செலவு அவருடையது. நோட்டோடு வருவார்.