ரெஜிஸ்ட்ரிக்குத் தானாக பேக்கப் இருக்கும் என்று நம்பாதீர்கள்

"விண்டோஸே ரெஜிஸ்ட்ரியை ரெக்பேக் ஃபோல்டரில் பேக்கப் எடுத்து வைத்திருக்கும், தைரியமாக எதையும் மாற்றலாம்" என்று நண்பர் எழுதியிருக்கிறார். ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸும் புரோகிராம்களும் தங்கள் செட்டிங்குகளைச் சேமித்து வைக்கும் இடம். பழைய விண்டோஸுக்கு அவர் சொல்வது சரி. ஆனால் 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அந்த வேலையை நிறுத்திவிட்டது, டிஸ்கில் இடத்தை மிச்சப்படுத்த. அந்த ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். ஃபைல்கள் இருந்தாலும் அளவு 0 கேபிதான். கம்ப்யூட்டர் பூட் ஆகாமல் நிற்கும் நாளில் இது தெரியவந்தால் ரொம்பக் கஷ்டம்.

ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் அன்டு கிடையாது, சேவ் பட்டனும் கிடையாது. மாற்றிய உடனே பதிவாகிவிடும். அதனால் தொடுவதற்கு முன், மாற்றப்போகும் கீ (எடிட்டரின் இடப்பக்கம் ஃபோல்டர் போலத் தெரிவது) மேல் ரைட் கிளிக் செய்து எக்ஸ்போர்ட் எடுத்து வையுங்கள். அதுவும் முழுப் பாதுகாப்பு அல்ல. அந்த ஃபைலைத் திரும்ப ஏற்றினால் பழைய மதிப்புகள் வந்துவிடும், ஆனால் நீங்கள் புதிதாகச் சேர்த்தவை அப்படியே இருக்கும். அவற்றை நீங்களேதான் நீக்க வேண்டும்.

அப்புறம், ஒரு ரீஸ்டோர் பாயின்ட் போடுங்கள், அதாவது விண்டோஸின் இப்போதைய நிலையைச் சேமித்து வையுங்கள். சி டிரைவுக்கு சிஸ்டம் புரொடெக்‌ஷன் ஆனில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், ஆஃபில் இருந்தால் ரீஸ்டோர் பாயின்ட்டே உருவாகாது. ரீஸ்டோர் பாயின்ட் இருந்தால், விண்டோஸ் திறக்காவிட்டாலும் ரிகவரி திரை வழியாகப் பழைய நிலைக்குத் திரும்ப முயலலாம்.